லைட்டு எரியுது... மெமரி இருக்கா பாஸ்?



ஃபைனல் இயர் பிராஜெக்ட் நெருங்குது. "மெஷின் லேர்னிங்ல ஏதாவது பண்ணுவோம்டா" என்று டீம் கூடி முடிவு பண்ணியாச்சு. ஆனால், லேப்டாப்பில் புரோகிராமை ஓடவிட்டால் ஃபேன் மாவு மெஷின் மாதிரி சத்தம் போடுகிறது. 'சொந்தமா ஒரு பி.சி. அசெம்பிள் பண்ணிட்டா என்ன?' என்று மனசுக்குள் ஓர் ஆசை. அம்மாவின் சீட்டுப் பணம் கொஞ்சம், அப்பாவிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியது கொஞ்சம் என்று ஒரு தொகை தேறிவிட்டது. அடுத்து என்ன? சென்னைப் பசங்க என்றால் நேராக மவுன்ட் ரோடை ஒட்டிய ரிச்சி தெருதான்!

கடைக்காரர் நீட்டும் கொட்டேஷனைப் பார்த்தால் கண்ணு கூசும். கண்ணாடிக் கதவு போட்ட கேபினெட், ஏழு கலரில் மின்னும் ஃபேன்கள், டாப் மாடல் பிராசஸர், தண்ணீரில் குளிரவைக்கும் கூலர். "தம்பி, இது லேட்டஸ்ட் பீஸ். கேம், எடிட்டிங், ஏ.ஐ. எல்லாமே பறக்கும்!" என்பார். அந்த நேரத்தில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

"அண்ணே, கிராஃபிக்ஸ் கார்டுல மெமரி எத்தனை ஜி.பி.?"

"எட்டு" என்று பதில் வந்தால், அந்தப் பேப்பரை மடித்துப் பாக்கெட்டில் வைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

அலெக்ஸ் பண்ணிய வேலை

2012-ல் கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் மூன்று பேர். பேராசிரியர் ஜெஃப்ரி ஹின்டன், அவருடைய மாணவர்கள் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இலியா சுட்ஸ்கேவர். 'இமேஜ்நெட்' என்ற படப் போட்டிக்காக ஒரு நியூரல் நெட்வொர்க் செய்தார்கள். 12 லட்சம் படங்களைக் காட்டி, எது பூனை, எது கப்பல் என்று கம்ப்யூட்டருக்குக் கற்றுத்தர வேண்டும். அவர்கள் பயன்படுத்தியது சூப்பர் கம்ப்யூட்டர் இல்லை. பசங்க கேம் விளையாட வாங்குகிற என்விடியா ஜி.டி.எக்ஸ். 580 கார்டு, அதுவும் ரெண்டே ரெண்டு! ஐந்தாறு நாள் ஓடவிட்டார்கள். போட்டியில் மற்றவர்களைத் தூக்கிச் சாப்பிட்டார்கள். அந்த 'அலெக்ஸ்நெட்'டுக்குப் பிறகுதான் உலகமே இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது. 2024-ல் ஹின்டனுக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது வேறு கதை.

நமக்கு இதில் முக்கியமான மேட்டர், ஏன் ரெண்டு கார்டு என்பதுதான். ஒரு கார்டில் இருந்த மெமரி 3 ஜி.பி.தான். நெட்வொர்க் அதற்குள் அடங்கவில்லை. அதனால் அதைப் பாதிப் பாதியாகப் பிரித்து இரண்டு கார்டுகளில் போட்டார்கள். அவர்களுடைய ஆய்வுக் கட்டுரையிலேயே இதை வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். நெட்வொர்க் எவ்வளவு பெரிசாக இருக்கலாம் என்பதை அன்றைக்கு முடிவு பண்ணியது கார்டின் மெமரி. இன்றைக்கும் உங்கள் ஹாஸ்டல் ரூமில் அதேதான் முடிவு பண்ணப் போகிறது.

கல்யாண சமையல் கணக்கு

கம்ப்யூட்டருக்குள் நடப்பதை ஒரு கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். பிராசஸர்தான் தலைமைச் சமையல்காரர். கெட்டிக்காரர், எல்லாம் தெரியும், ஆனால் ஒரே ஆள். கிராஃபிக்ஸ் கார்டு என்பது வரிசையாக உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிற ஆயிரக்கணக்கான கைகள். மெஷின் லேர்னிங் என்பது பெரும்பாலும் பெருக்கல், கூட்டல். ஒரே மாதிரி வேலை, கோடிக்கணக்கான தடவை. அதற்குத் தேவை மூளையைவிட கைகள்தான்.

அந்தக் கைகளுக்கு முன்னால் இருக்கும் மேடைதான் கார்டின் மெமரி. வி-ராம் என்பார்கள். மேடையில் இருக்கும் காயைத்தான் நறுக்க முடியும். பக்கத்து ரூமில் மூட்டை மூட்டையாகக் காய் இருந்தாலும் (அதுதான் உங்கள் சாதாரண ராம்), மேடைக்கு வரும்வரை கைகள் சும்மாதான் இருக்கும். ஸ்டோர் ரூம் எஸ்.எஸ்.டி.

கைகள் கொஞ்சம் மெதுவாக இருந்தால், பந்தி கொஞ்சம் லேட்டாகும். அவ்வளவுதான். ஆனால், மேடையில் இடமே இல்லை என்றால்? சமையலே ஆரம்பிக்காது. திரையில் 'குடா அவுட் ஆஃப் மெமரி' என்று ஒரு வரி வந்து நிற்கும். இந்தத் துறையில் இருக்கிறவர்கள் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிற வரி அது.

எவ்வளவு மேடை வேணும்?

இதற்கு நீங்களே கணக்குப் போடலாம். ஒரு மாடலில் எத்தனை எண்கள் இருக்கிறதோ, அவைதான் பாராமீட்டர்கள். வழக்கமாக ஓர் எண்ணுக்கு 2 பைட் இடம். 700 கோடி பாராமீட்டர் உள்ள ஒரு மொழி மாடல் என்றால் 14 ஜி.பி. அதையே 4 பிட்டாகச் சுருக்கினால் சுமார் 3.5 ஜி.பி. அதற்கு மேல் வேலை செய்ய ஒன்றிரண்டு ஜி.பி. கூடுதலாக வேண்டும். ஆக, ஏற்கெனவே கற்றுமுடித்த மாடலைச் சும்மா ஓட்டிப் பார்க்க 8 ஜி.பி. கார்டே போதும்.

ஆனால், கற்றுக்கொடுப்பது வேறு. ஒவ்வொரு எண்ணோடும் அதைத் திருத்துவதற்கான கணக்குகளையும் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். வழக்கமான முறையில் ஓர் எண்ணுக்குச் சுமார் 16 பைட் ஆகும். அதே 700 கோடிக்கு 112 ஜி.பி.! அந்த மாதிரி மெஷின் நம்ம பட்ஜெட்டில் கனவில்தான் வரும்.

இங்கேதான் ஒரு நல்ல செய்தி. 2023-ல் 'க்யூலோரா' என்று ஒரு முறை வந்தது. பெரிய மாடலை 4 பிட்டில் சுருக்கி அசையாமல் வைத்துவிட்டு, அதன்மேல் ஒட்டுகிற சின்ன ஒரு பகுதிக்கு மட்டும் பாடம் எடுப்பது. இந்த முறையில், வாக்கியங்களைக் குட்டிக் குட்டியாக வைத்துக்கொண்டால், 700 கோடி மாடலை 12 ஜி.பி. கார்டிலேயே உங்கள் வேலைக்குப் பழக்கிவிடலாம்.

படங்கள் என்றால் இன்னும் சுலபம். பிராஜெக்ட்களில் அதிகம் வரும் 'ரெஸ்நெட்-50' மாடலில் சுமார் 2.5 கோடி பாராமீட்டர்கள்தான். அங்கே இடத்தைச் சாப்பிடுவது மாடல் இல்லை, ஒரே நேரத்தில் எத்தனை படத்தை உள்ளே அனுப்புகிறீர்கள் என்பதுதான். மெமரி பத்தவில்லையா? ஒரு தடவைக்கு 64 படம் அனுப்புவதை 16 ஆகக் குறையுங்கள். மெதுவாகப் போகும், ஆனால் போகும்.

வாங்கறதுக்கு முன்னாடி வாங்காதீங்க!

குழப்பமா இருக்கா? விஷயம் இதுதான். முதலில் ஒரு ரெண்டு மாசம் பைசா செலவில்லாமல் பழகுங்கள். கூகுள் கோலாப், கேகிள் இரண்டிலும் இலவசமாக கிராஃபிக்ஸ் கார்டு கிடைக்கிறது. பெரும்பாலும் டி4 என்ற 16 ஜி.பி. கார்டு. உங்கள் கொட்டேஷனில் இருந்த 8 ஜி.பி.யைவிட இரு மடங்கு! நேரக் கட்டுப்பாடு உண்டு, கூட்டமாக இருந்தால் கோலாப்பில் கிடைக்காமலும் போகும், நடுவில் கழற்றியும் விடுவார்கள். ஆனால், கற்றுக்கொள்கிறவனுக்கு அது தாராளம்.

அங்கே வேலை செய்யும்போது ஒரு நோட்டில் மூன்று விஷயம் எழுதி வையுங்கள். உங்கள் வேலைக்கு எத்தனை ஜி.பி. பிடித்தது? ஒரு தடவை ஓட எவ்வளவு நேரம் ஆனது? வாரத்தில் எத்தனை தடவை நேரம் பத்தாமல் மாட்டிக்கொண்டீர்கள்? மூன்றாவது பதில் 'ஒரு தடவைகூட இல்லை' என்றால், வீட்டுப் பணம் வீட்டிலேயே இருக்கட்டும். வாராவாரம் மாட்டிக்கொள்கிறீர்கள் என்றால், இப்போது உங்களுக்கு மெஷின் தேவை. எத்தனை ஜி.பி. என்பதும் அந்த நோட்டிலேயே இருக்கிறது. கடைக்காரர் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

கார்டு வேட்டை

பட்ஜெட்டில் பாதியைக் கார்டுக்கு ஒதுக்குங்கள். மிச்ச பாதியில் மற்றதெல்லாம்.

இப்போதைக்கு என்விடியாதான் தலைவலி குறைவு. 'பைடார்ச்' மாதிரி கருவிகளும் பாடங்களும் அதன் 'குடா' மென்பொருளை மனதில் வைத்துத்தான் அதிகம் எழுதப்பட்டிருக்கின்றன. ஏ.எம்.டி. கார்டு விலைக்கு நல்ல மெமரி தரும். ஆனால், அதன் 'ராக்.எம்' மென்பொருள் நீங்கள் வாங்கப்போகும் மாடலில் ஓடுமா என்று பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் பர்ஸைத் திறக்க வேண்டும்.

இப்போது ஒரு பழைய ஆளையும் புது ஆளையும் மோதவிடுவோம். 2021-ல் வந்தது ஆர்.டி.எக்ஸ். 3060, மெமரி 12 ஜி.பி. 2023-ல் வந்தது ஆர்.டி.எக்ஸ். 4060, மெமரி 8 ஜி.பி. கேமில் தம்பிதான் வேகம். ஆனால், மேடை அண்ணனுக்குத்தான் பெரிசு! அதுமட்டும் இல்லை. மேடைக்கும் கைக்கும் நடுவே காய் நகரும் வேகமும் அண்ணனுக்கு அதிகம். நொடிக்கு 360 ஜி.பி. தம்பிக்கு 272. மொழி மாடல் ஒவ்வொரு துண்டுச் சொல்லை எழுதும்போதும் மொத்த மாடலையும் ஒரு தடவை படித்தாக வேண்டும். 3.5 ஜி.பி. மாடல் என்றால், 360-ஐ 3.5-ஆல் வகுங்கள். நொடிக்குச் சுமார் 100 துண்டுகள், அதுதான் உச்சவரம்பு. நம்பர் பெரிசாக இருக்கிற கார்டெல்லாம் நம் வேலைக்குப் பெரிய கார்டு கிடையாது!

கொஞ்சம் தெம்பு இருந்தால் 16 ஜி.பி. பக்கம் போகலாம். 2025-ல் வந்த ஆர்.டி.எக்ஸ். 5060 டி.ஐ. 16 ஜி.பி.யில் நொடிக்கு 448 ஜி.பி. நகரும். இதிலேயே 8 ஜி.பி. மாடலும் உண்டு, ஏமாந்துடாதீங்க. செகண்ட் ஹாண்டில் துணிகிறவர்களுக்கு 2020-ல் வந்த ஆர்.டி.எக்ஸ். 3090. மெமரி 24 ஜி.பி., வேகம் நொடிக்கு 936 ஜி.பி. ஆனால், கரன்ட்டை 350 வாட் குடிக்கும் யானை. யானையை வாங்குபவர் தீனிக்கும் காசு வைத்திருக்க வேண்டும்.

பொறி எங்கே இருக்கு?

பேர் ஒண்ணு, ஆள் வேற! 3060-லேயே 2022-ல் 8 ஜி.பி. என்று இன்னொன்று வந்தது. வெறும் பெயரைச் சொல்லிக் கேட்டால் அதுவும் கைக்கு வரலாம். லேப்டாப் 3060-ல் 6 ஜி.பி.தான். லேப்டாப் 4090-ல் 16, டெஸ்க்டாப் 4090-ல் 24. பெயரைப் படிக்காதீங்க, மெமரியைப் படிங்க.

அப்புறம், '24 ஜி.பி., அடிமாட்டு விலை' என்று பழைய சர்வர் கார்டுகள் வரும். டெஸ்லா கே80 உண்மையில் ஒரே பலகையில் இருக்கும் இரண்டு 12 ஜி.பி. கார்டுகள். புது மென்பொருள்கள் அதை எப்போதோ கைவிட்டுவிட்டன. டெஸ்லா பி40-ல் நிஜமாகவே 24 ஜி.பி. உண்டு. ஆனால், ஃபேன் கிடையாது. சர்வர் அறையின் பலத்த காற்றை நம்பிச் செய்தது. 2025-ல் வந்த குடா 13-ம் அந்தத் தலைமுறையைக் கழற்றிவிட்டது.

செகண்ட் ஹாண்ட் கார்டு என்றாலே பயப்பட வேண்டாம். 2022 செப்டம்பரில் 'எத்தீரியம்' நாணயம் மைனிங் முறையைக் கைவிட்டபோது, ராத்திரி பகலாக உழைத்த கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. அவற்றில் நல்லதும் உண்டு. வாங்கும் முன் பில், சீரியல் நம்பர், மிச்சமிருக்கும் வாரன்டி மூன்றையும் கேளுங்கள். 'ஜி.பி.யு.-இஸட்' என்ற இலவச மென்பொருளை ஓடவிடுங்கள். பெயர் மாற்றிய போலி கார்டுகளை அது பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். அரை மணி நேரம் மெமரி முழுக்க நிரம்புகிற மாதிரி வேலை கொடுத்து, சூட்டையும் ஃபேன் சத்தத்தையும் கவனியுங்கள். "அதெல்லாம் ஓட்டிக் காட்ட முடியாது தம்பி" என்றால், "சரிங்கண்ணே" என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள்.

மத்த சாமான்கள்

பிராசஸர்: ஆறு கோர் போதும். டாப் மாடல் வேண்டாம். இன்டெலில் ஐ5-12400 மாதிரி ஒன்று எடுத்தால், கடைசியில் 'எஃப்' இல்லாததாகப் பாருங்கள். எஃப் இருந்தால் உள்ளே டிஸ்ப்ளே வசதி இருக்காது. எஃப் இல்லாததில் மானிட்டரை மதர்போர்டிலேயே சொருகிவிடலாம். பெரிய கார்டின் மெமரி முழுக்க உங்கள் வேலைக்கே கிடைக்கும். சின்ன விஷயம்தான், ஆனால் 12 ஜி.பி.யில் அரை ஜி.பி.யும் அரை ஜி.பி.தான்!

ராம்: கார்டின் மெமரியைப் போல் இரு மடங்கு நல்லது. சிப் கம்பெனிகள் ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் பக்கம் சாய்ந்ததில், 2025 கடைசியில் ராம் விலை எகிறியது. கையைக் கடித்தால் 16 ஜி.பி. ஒரே குச்சியாக வாங்கி, பக்கத்து ஸ்லாட்டைக் காலியாக விடுங்கள். பிறகு இன்னொன்று போட்டுக்கொள்ளலாம்.

எஸ்.எஸ்.டி.: 1 டி.பி. இருந்தால் நிம்மதி. இமேஜ்நெட் பயிற்சிப் படங்கள் மட்டுமே 138 ஜி.பி. ஆகும்.

பவர் சப்ளை: இங்கே மட்டும் கஞ்சத்தனம் கூடவே கூடாது. பெயர் தெரியாத பெட்டி ஒரு நாள் வெடித்தால், கூடவே கார்டையும் கூட்டிக்கொண்டு போகும். 3060-க்கு என்விடியா சொல்வது 550 வாட், 3090-க்கு 750 வாட். '80 பிளஸ்' முத்திரை பார்த்து, பெயருள்ள கம்பெனியாக வாங்குங்கள்.

கேபினெட்: கண்ணாடியைவிட வலை முக்கியம். முன்பக்கம் வலை போட்டு காற்று உள்ளே வர வேண்டும். நம்ம ஊர் மே மாசத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் கார்டு வெந்து போகும். சூடு ஏறினால் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய வேகம் புழுக்கத்தில் போய்விடும்.

கரன்ட் பில் யார் கட்டறது?

3060-க்கு 170 வாட், மற்றதுக்கு ஒரு 100 என்று வைத்தால் 270 வாட். ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் 2 யூனிட்டுக்கு மேல். தினமும் ஓடினால் இரண்டு மாத பில்லில் 130 யூனிட் கூடும். யூனிட் ஏற ஏற ரேட்டும் ஏறும். இந்தக் கணக்கை மெஷின் வாங்கும் முன்பே அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். பில் வந்த அன்னிக்கு அவராகக் கண்டுபிடித்தால், உங்கள் ட்ரெய்னிங் அன்னிக்கே நின்றுவிடும்!

கரன்ட் போனால்? யூ.பி.எஸ். இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பயமில்லை. அரை மணிக்கு ஒரு தடவை மாடலை 'செக்பாயின்ட்' எடுத்துச் சேமிக்கும்படி நாலு வரி எழுதி வையுங்கள். கரன்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். காசே இல்லாத யூ.பி.எஸ். அது.

காசே இல்லையா?

இவ்வளவு படித்துவிட்டு 'நம்மகிட்ட பழைய லேப்டாப்தான் இருக்கு' என்று சோர்ந்துபோன ஃப்ரெண்டுக்குத்தான் இந்தக் கடைசிப் பத்தி.

தமிழில் எழுத்து 247. ஆனால், கையெழுத்தைப் படிக்க கம்ப்யூட்டருக்கு 247-ம் கற்றுத்தர வேண்டாம். 'கொ' என்பது ஒற்றைக்கொம்பு, க, கால் என்று மூன்று துண்டுதானே? இப்படிப் பிரித்து 156 வடிவங்களாக எச்.பி. லேப்ஸ் இந்தியா ஒரு கையெழுத்துத் தொகுப்பு செய்தது. இந்த வேலைக்குப் பெரிய கார்டு எதுவும் வேண்டாம். சின்ன நெட்வொர்க் போதும், பழைய லேப்டாப்பிலேயே ஓடிவிடும். அதைப் பழக்கிவிட்டு, மளிகைக் கடை அண்ணாச்சியின் பாக்கி நோட்டைப் படிக்க வைக்க முடியுமா என்று பாருங்கள். முதலில் தப்புத் தப்பாகப் படிக்கும். ஏன் தப்பு, எந்த எழுத்தில் தப்பு என்று தேடப் போவீர்கள் பாருங்கள், அங்கேதான் படிப்பே ஆரம்பிக்கிறது. அந்தத் தேடலை எந்தக் கடையிலும் விற்கமாட்டார்கள் பாஸ்.

மெஷின் வாங்குகிறவர்கள் சீட்டுப் பணத்துக்கு மரியாதை கொடுத்து, பார்த்து வாங்குங்கள். வாங்காதவர்கள் இன்னிக்கு ராத்திரியே ஆரம்பியுங்கள்.

அடுத்த வாரம்: விண்டோஸ் பக்கத்திலேயே லினக்ஸைக் குடிவைப்பது எப்படி? அதுவரை... ஜூட்!